குறுக்கெழுத்துக் கட்டங்களில் இரட்டைப் பொருள்

ஆங்கிலத்தில் 'பிளவர்' என்று எழுதப்பட்டிருந்தால் அது மலரை மாத்திரமன்றி ஆற்றையும் குறிக்கக்கூடும் என்பதை எனக்கு முதன்முதலில் சொல்லித்தந்தவர் கொழும்பில் எமது கட்டிடத்திலேயே இயங்கிய ஆங்கிலப் பத்திரிகையின் மூத்த உதவி ஆசிரியர் ஒருவர். 1990 களின் நடுப்பகுதி அது. நான் பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டத்தை முடித்துக்கொண்டு பத்திரிகைத் தொழிலுக்கு வந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. இரவு முதற்பக்கத்தை அச்சுக்கு அனுப்பிய பிறகு, அச்சியந்திரம் ஓடத் தொடங்கி முதற் பிரதிகள் மேலே வரும் வரையிலான முக்கால் மணி நேரத்தில் அவர் பிரிட்டிஷ் பத்திரிகை ஒன்றிலிருந்து எடுத்து மறுபிரசுரம் செய்யப்படும் குறுக்கெழுத்துப் புதிரை மேசையில் விரித்துக்கொள்வார்.

ஒரு நாள் அந்த மேசையைக் கடந்து சென்ற என்னை நிறுத்தி, "லண்டனில் காணும் மலர், ஆறு எழுத்து. என்ன சொல்லும் பார்ப்பம்" என்றார். நான் எனக்குத் தெரிந்த பூக்களின் ஆங்கிலப் பெயர்களையெல்லாம் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். எதுவும் பொருந்தவில்லை. "தம்பி, மலரைப் பாராதையும். சொல்லைப் பாரும். 'புளோ' எண்டால் ஓடுறது. அதோட 'அர்' சேர்ந்தால் ஓடுற பொருள். லண்டனில ஓடுறது தேம்ஸ்" என்று கூறிவிட்டுச் சிரித்தார். பிறகு, "நான் ஆறு எண்டு முதலே சொல்லிப்போட்டன். நீர்தான் எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு நிண்டனீர்" என்றார்.

ஆங்கிலக் குறிப்பில் இருந்த சூழ்ச்சிக்கு மேலதிகமாக அவர் தமிழில் ஒரு சூழ்ச்சியை வைத்திருந்தார் என்பது விளங்கச் சற்று நேரம் பிடித்தது. அன்றிலிருந்து இந்தக் கட்டங்களின் மீது எனக்கு ஏற்பட்ட ஈடுபாடு இன்றுவரை குறையவில்லை. ஒரு சொல் இரண்டு பொருள்களைத் தாங்கி நிற்பதை வைத்து மனிதர்கள் ஆடிய விளையாட்டுக்கு ஒரு நூற்றாண்டுகால வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் பத்திரிகைகளும் போரும் நீதிமன்றமும் சம்பந்தப்பட்டிருக்கின்றன. நான் மறக்க விரும்பியும் மறக்கமுடியாமற்போன ஒரு சிறு சம்பவமும் அதனுடன் தொடர்புடையது.

குறுக்கெழுத்துப் புதிர் பிறந்தபோது அதில் இரட்டைப் பொருள் எதுவும் இருக்கவில்லை. இங்கிலாந்தின் லிவர்பூலில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த பத்திரிகையாளரான ஆர்தர் வின், 1913 டிசம்பர் 21 ஆம் திகதி 'நியூயோர்க் வேர்ல்ட்' பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் வைர வடிவிலான கட்டங்களைக் கொண்ட ஒரு புதிரை வெளியிட்டார். அதற்கு அவர் சூட்டிய பெயர் 'வேர்ட் கிறொஸ்'. சில வாரங்களில் அச்சுக் கோப்பில் நேர்ந்த தவறினால் இரு சொற்களும் இடம் மாறி 'கிறொஸ் வேர்ட்' ஆகிவிட்டன. அந்தப் பெயரே நிலைத்தது. பத்திரிகைத் தொழிலில் இருப்பவர்களுக்கு அச்சுப்பிழை என்றாலே நடுக்கம். ஆனால், உலகம் முழுவதும் வழங்கும் ஒரு சொல்லையே அச்சுப்பிழை தந்துவிட்டுப் போன சந்தர்ப்பமும் உண்டு.

வின் தந்த குறிப்புகள் அகராதிப் பொருள்களைப் போன்றவை. சொல் தெரிந்தவர் நிரப்புவார், தெரியாதவர் விடுவார். 1924 ஆம் ஆண்டில் சைமன் அன்ட் சுஸ்டர் என்ற புதிய பதிப்பகம் தனது முதலாவது வெளியீடாகக் குறுக்கெழுத்துப் புதிர்களின் தொகுப்பு ஒன்றை, பென்சில் ஒன்றையும் சேர்த்துக்கட்டி விற்பனைக்கு விட்டதைத் தொடர்ந்து அமெரிக்காவில் அது பெரும் மோகமாக மாறியது. நியூயோர்க் ரைம்ஸ் அதே வருடத்தில் அந்த மோகத்தை நேரத்தைப் பாழாக்கும் பாவச்செயலாகக் கண்டித்து எழுதியது. லண்டன் ரைம்ஸ், அமெரிக்கா அடிமைப்பட்டுப் போனதென்று தலைப்பிட்டு ஏளனம் செய்தது. அதே லண்டன் ரைம்ஸ் 1930 பெப்ரவரி முதலாம் திகதி தனது சொந்தப் புதிரை ஆரம்பித்தது. நியூயோர்க் ரைம்ஸ் பேர்ள் துறைமுகத் தாக்குதலுக்குப் பின்னர் 1942 பெப்ரவரி 15 ஆம் திகதி வழிக்கு வந்தது. வாசகர்கள் விரும்புவதை ஆசிரியபீடங்கள் எவ்வளவு காலம் எதிர்த்து நிற்கமுடியும் என்பதற்கு இவற்றை அளவுகோலாகக் கொள்ளலாம்.

அமெரிக்காவில் பிறந்த இந்தப் பிள்ளைக்குக் குறும்புத்தனத்தைக் கற்றுக்கொடுத்தது பிரிட்டன். அதில் முதன்மையானவர் எட்வேர்ட் பொவிஸ் மதர்ஸ். ஆயிரத்தொரு இரவுகள் கதைகளைப் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவரும், பில்ஹணரின் 'சௌரபஞ்சாசிகா' என்ற சமஸ்கிருதக் காதற் கவிதையை ஆங்கிலத்தில் ஆக்கியவரும் இவரே. 1926 ஆம் ஆண்டு முதல் 1939 ஆம் ஆண்டில் தான் இறக்கும் வரை லண்டன் 'ஒப்சேர்வர்' பத்திரிகையில் அவர் வாராவாரம் புதிர்களை அமைத்தார். அதற்காக அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் 'டொர்க்கமாடா'. ஸ்பெயினில் மதவிசாரணை மன்றத்தின் முதலாவது தலைவராக இருந்து சித்திரவதைகளுக்குப் பெயர்போன பாதிரியாரின் பெயர் அது. வாசகர்களை வதைப்பதே தனது நோக்கம் என்பதை அவர் மறைக்கவில்லை.

டொர்க்கமாடாவின் கையில் குறிப்பு ஒரு வேடம் போட்டுக்கொண்டது. மேலோட்டமாகப் படித்தால் ஒரு பொருள், உடைத்துப் படித்தால் இன்னொரு பொருள். ஆனால், அவர் எந்த விதிக்கும் கட்டுப்படவில்லை. தனக்குத் தெரிந்த இலக்கியக் குறிப்பு வாசகருக்கும் தெரியும் என்று எடுத்துக்கொள்வார். விடையைக் கண்டுபிடித்த பின்னரும் அது ஏன் விடை என்று விளங்காமல் வாசகர் தடுமாறவேண்டிய நிலையும் ஏற்பட்டது. இரட்டைப் பொருள் இருந்தது. ஆனால் வாசகருக்கும் அமைப்பவருக்கும் இடையில் உடன்படிக்கை எதுவும் இருக்கவில்லை.

லண்டன் ரைம்ஸ் தனது முதலாவது புதிரை அமைக்கத் தெரிவுசெய்த ஏட்ரியன் பெல்லின் கதை வேறு வகையானது. சஃபொக் கிராமப்புறத்தில் விவசாயம் செய்துகொண்டிருந்த எழுத்தாளர் அவர். பத்திரிகையாளராக இருந்த அவரது தந்தையாரின் மூலமாகவே அந்த வாய்ப்பு வந்தது. அதற்கு முன்னர் அவர் ஒரு குறுக்கெழுத்துப் புதிரை நிரப்பியதுகூட இல்லை. ஆனால், அடுத்துவந்த தசாப்தங்களில் ஆயிரக்கணக்கான புதிர்களை அவர் அமைத்தார். போர்முனைச் செய்தியாளராக பி.பி.சி. யில் புகழ்பெற்ற மார்ட்டின் பெல் அவரது புதல்வர். வயலில் வேலைசெய்தபடியே சொற்களைப் புரட்டிப்பார்த்த மனிதரின் குறிப்புகளில் டொர்க்கமாடாவின் கொடூரம் இருக்கவில்லை. நன்றாகப் பேசும் ஒருவரின் நகைச்சுவை அவற்றில் இருந்தது.

விதிகளைக் கொண்டுவந்தவர்கள் இரு பாடசாலை ஆசிரியர்கள். ஒருவர் வெல்ஸ் கதீட்ரல் பாடசாலையின் தலைமையாசிரியராக இருந்த ஏ.எவ். ரிச்சி. தனது பெயரின் எழுத்துக்களிலிருந்தே 'அஃப்ரிட்' என்ற புனைபெயரை அவர் உருவாக்கிக்கொண்டார். அரபுக் கதைகளில் அது ஒரு பூதத்தின் பெயர். 1949 ஆம் ஆண்டில் வெளியான தனது புதிர்த் தொகுப்பின் முன்னுரையில் அவர் ஒரு நியாயத்தை வகுத்தார். குறிப்பை அமைப்பவர், தான் எழுதிய வாக்கியம் மேலோட்டமாக எதைச் சொல்கிறதோ அதையே கருதவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால், தான் உள்ளே கருதுவது எதுவோ அதை அந்த வாக்கியத்தில் சொல்லியே ஆகவேண்டும். வாசகரைத் திசைதிருப்பலாம், பொய் சொல்லக்கூடாது என்பதே இதன் சாரம்.

மற்றவர் கிறைஸ்ட்ஸ் ஹொஸ்பிட்டல் பாடசாலையில் கிரேக்க, இலத்தீன் மொழிகளைக் கற்பித்த டெரிக் சொமர்செட் மக்நட். மதர்ஸின் மறைவுக்குப் பிறகு ஒப்சேர்வரில் அவரது இடத்துக்கு வந்த இவர் 'சிமெனிஸ்' என்ற பெயரில் எழுதினார். அதுவும் ஸ்பானிய மதவிசாரணைத் தலைவர் ஒருவரின் பெயர்தான். 1971 ஆம் ஆண்டில் அவர் இறந்த பிறகு அந்த இடத்துக்கு 1972 ஆம் ஆண்டில் வந்த ஜொனதன் குறொவ்தர், டேசா என்ற இன்னொரு விசாரணைத் தலைவரின் பெயரை ஆங்கில எழுத்துக்களில் பின்னிருந்து முன்னாக எழுதி 'அசெட்' என்று வைத்துக்கொண்டார். மூவரும் விசாரணையாளரின் பெயரைச் சூடிக்கொண்ட போதிலும், பின்னவர்கள் இருவரும் சட்டப்படி நடந்த விசாரணையாளர்கள்.

சிமெனிஸ் 1966 ஆம் ஆண்டில் குறுக்கெழுத்துக் கலை பற்றி எழுதிய நூலில் வகுத்த நெறிகளின்படி, நேர்மையான குறிப்பு ஒன்றில் இரண்டு வழிகள் இருக்கவேண்டும். ஒன்று விடையின் நேரடிப் பொருள். மற்றது சொல்லை உடைத்தோ, எழுத்துக்களைக் கலைத்தோ, வேறொரு பொருளைச் சுட்டியோ விடைக்கு இட்டுச்செல்லும் வழி. இரண்டுக்கும் அப்பால் குறிப்பில் தேவையற்ற ஒரு சொல்கூட இருத்தலாகாது. இரு வழிகளாலும் வந்து ஒரே இடத்தில் சந்தித்தால் விடை சரியென்று வாசகர் தானே உறுதிசெய்துகொள்ளலாம். மறுநாள் பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. ஒரு தகவலை ஒன்றுடன் ஒன்று தொடர்பில்லாத இருவரிடமிருந்து உறுதிப்படுத்திய பின்னரே செய்தியாக்க வேண்டும் என்று எமது செய்தியாசிரியர்கள் எமக்குக் கற்பித்ததும் இதே காரணத்துக்காகத்தான்.

அவரது நெறிகள் எவ்வளவு நுட்பமானவை என்பதற்கு ஓர் உதாரணம். பிரான்சின் தென்கரையில் உள்ள நீஸ் நகரத்தின் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 'நல்ல' என்ற பொருள்தரும் 'நைஸ்' என்ற சொல்லும் அதே எழுத்துக்கள்தான். நகரமென்றால் முதலெழுத்து பெரியதாக இருக்கும். 'நல்ல' என்று கருதிக்கொண்டு, வாசகரை மயக்குவதற்காக முதலெழுத்தைப் பெரியதாக இடுவதற்கு அனுமதி உண்டு. நகரத்தைக் கருதிக்கொண்டு சிறிய எழுத்தில் எழுதுவதற்கு அனுமதி இல்லை. இல்லாத அணிகலனைப் பூட்டிக் காட்டலாம். உரியவரின் அடையாளத்தைப் பறிக்கக்கூடாது.

இதைப் படிக்கும் தமிழ் வாசகர்களுக்கு இவையெல்லாம் எங்கேயோ கேட்டவை போலத் தோன்றும். தோன்றவே வேண்டும். தண்டியலங்காரம் சிலேடையை இரண்டாக வகுக்கிறது. சொல் பிரியாமல் நின்றபடியே பல பொருள் தந்தால் செம்மொழிச் சிலேடை. பிரித்தால் வேறு பொருள் தந்தால் பிரிமொழிச் சிலேடை. நன்னூல் சொற்களை ஒருமொழி, தொடர்மொழி, பொதுமொழி என்று மூன்றாகப் பிரிக்கிறது. தனித்து நின்றால் ஒரு பொருளும் பிரிந்து நின்றால் இன்னொரு பொருளும் தருவது பொதுமொழி. அதற்கு வழமையாகக் காட்டப்படும் எடுத்துக்காட்டுகள் எட்டு, தாமரை, வேங்கை ஆகியவை. எட்டு என்பது எண். 'எள் து' என்று பிரித்தால் எள்ளை உண் என்றாகும். தாமரை என்பது பூ. 'தா மரை' என்று பிரித்தால் தாவுகின்ற மான். வேங்கை என்பது ஒரு மரம், புலியையும் குறிக்கும். 'வேம் கை' என்று பிரித்தால் வேகின்ற கை. சிமெனிஸ் பிறப்பதற்கு ஏறத்தாழ எழுநூறு வருடங்களுக்கு முன்னரே பவணந்தி முனிவர் இந்தப் பாகுபாட்டைச் சூத்திரத்தில் அடக்கிவிட்டார். காளமேகம் பாம்பையும் எள்ளையும், வைக்கோலையும் யானையையும் ஒரே பாட்டில் பாடி வைத்துவிட்டுப் போனார்.

ஆனாலும், சிலேடைக்கும் ஆங்கிலக் குறிப்புக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு இருக்கிறது. காளமேகத்தின் பாட்டில் பாம்பும் உண்மை, எள்ளும் உண்மை. இரண்டும் அருகருகே நின்று ஒன்றையொன்று பார்த்துக்கொள்கின்றன. ஆங்கிலக் குறிப்பிலோ மேலே தெரியும் பொருள் பெரும்பாலும் ஒரு திரை. விடை கிடைத்ததும் அது விலகிவிடுகிறது.

தமிழில் இத்தகைய புதிர்களை அமைக்க முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. முடியும் என்பதைப் பலர் செய்து காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து வெளிவந்த 'தென்றல்' சஞ்சிகையில் வாஞ்சிநாதன் அமைத்த குறுக்கெழுத்துப் புதிர்கள் அதற்குச் சான்று. கடினங்களும் இருக்கின்றன. ஆங்கிலத்தில் 26 எழுத்துக்கள், தமிழிலோ 247. குறுக்காகவும் நெடுக்காகவும் ஒரே உயிர்மெய் பொருந்துகின்ற சொற்களைத் தேடுவது சிரமம். எழுத்துக்களைக் கலைத்துப் போட்டாலும் அந்த அளவுக்குச் சொற்கள் கிடைப்பதில்லை. ஆனால், பொதுமொழியில் எம்மிடம் செல்வம் கொட்டிக்கிடக்கிறது. நானும் சிலவற்றை முயன்றிருக்கிறேன். 'அநேக கரம் கொண்ட மரத்துண்டு' என்று மூன்று எழுத்தில் கேட்டால் விடை பலகை. 'பகலின் முடிவில் கழுத்தில் விழும்' என்று இரண்டு எழுத்தில் கேட்டால் விடை மாலை. முதலாவது பிரிமொழி, இரண்டாவது செம்மொழி.

இரட்டைப் பொருளை நேர்மையின்றிக் கையாண்டால் என்ன நடக்கும் என்பதற்கும் வரலாறு உண்டு. அதற்கு இந்தியாவின் பக்கம் திரும்பவேண்டும். சுதந்திரத்துக்கு முந்தியும் பிந்தியும் அங்கு பரிசுக் குறுக்கெழுத்துப் போட்டிகள் பெரும் வியாபாரமாக நடந்தன. நுழைவுக் கட்டணம் செலுத்தி, பத்திரிகையிலிருந்து வெட்டிய படிவத்தை நிரப்பி அனுப்பவேண்டும். முத்திரையிட்டு வைக்கப்பட்ட விடையுடன் ஒத்துப்போனால் பணம். இந்தப் போட்டிகளின் குறிப்புகளும் இரண்டு பொருளைத் தந்தன. ஆனால் இரண்டுமே விடையாகக்கூடியவை. தமிழில் சொல்வதானால், 'மனிதனுக்கு மதிப்பைத் தருவது' என்று கேட்டுவிட்டு முதற் கட்டத்தை வெறுமையாக விட்டு 'ணம்' என்று கொடுப்பதைப் போன்றது. பணமா, குணமா? இரண்டும் பொருந்தும். எது சரியென்பதை அறிவு தீர்மானிக்காது, முத்திரையிட்ட உறைதான் தீர்மானிக்கும். ஐந்து இடங்களில் இப்படி இருந்தால் எல்லாச் சேர்க்கைகளையும் நிரப்புவதற்கு 32 படிவங்கள் வேண்டும். பத்து இடங்களில் இருந்தால் 1,024 வேண்டும். பத்திரிகை விற்றது, கட்டணமும் சேர்ந்தது.

இந்திய நாடாளுமன்றம் 1955 ஆம் ஆண்டில் பரிசுப் போட்டிகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. அச்சட்டம் பரிசுப் போட்டி என்பதற்குக் கூறும் வரைவிலக்கணத்தில் குறுக்கெழுத்தின் பெயரே முதலில் வருகிறது. மாதமொன்றில் மொத்தப் பரிசு ஆயிரம் ரூபாவுக்கு மேற்பட்ட போட்டிகளை அது தடைசெய்தது. பெங்களூரிலிருந்து பெரும் போட்டிகளை நடத்திய ஆர்.எம்.டி. சமர்பாக்வாலா தொடுத்த வழக்குகளில் இந்திய உச்சநீதிமன்றம் 1957 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. சூதாட்டம் அரசியலமைப்பு பாதுகாக்கும் வர்த்தகமாகாது என்றும், திறமை கணிசமாக வேண்டப்படும் போட்டிகளைச் சூதாகக் கொள்ளமுடியாது என்றும் அது கூறியது. நேர்மையான குறிப்புக்கும் நேர்மையற்ற குறிப்புக்கும் இடையிலான வேறுபாடு ஒரு நாட்டின் சட்டமாகவே மாறிவிட்டது.

போர்க்காலத்தில் இரட்டைப் பொருளுக்கு நேர்ந்த கதி இன்னொரு விதமானது. 1942 ஜனவரியில் லண்டன் டெயிலி ரெலிகிராப் தனது புதிரை 12 நிமிடங்களுக்குள் முடிக்கமுடியுமா என்று ஒரு போட்டியை அலுவலகத்திலேயே நடத்தியது. அந்தப் புதிரை ஜனவரி 13 ஆம் திகதி பத்திரிகையிலும் பிரசுரித்தது. கலந்துகொண்டவர்களில் சிலருக்குப் பின்னர் போர் அமைச்சிடமிருந்து கடிதம் வந்தது. நாசி ஜேர்மனியின் சங்கேதச் செய்திகளை உடைத்துக்கொண்டிருந்த பிளெட்ச்லி பார்க்கில் பணியாற்றவே அந்த அழைப்பு. ஒரு சொல்லுக்குப் பின்னால் இன்னொன்றைக் காணும் பழக்கம் அரசாங்கத்துக்குத் தேவைப்பட்டது.

இரண்டு வருடங்கள் கழித்து அதே பத்திரிகையின் அதே கட்டங்கள் அரசாங்கத்துக்குச் சந்தேகத்துக்குரியவையாகிவிட்டன. 1944 மே மாதத்திலும் ஜூன் முதலாம் திகதியிலும் வெளியான ரெலிகிராப் புதிர்களின் விடைகளாக 'யூட்டா', 'ஒமாஹா', 'ஓவர்லோர்ட்', 'மல்பெரி', 'நெப்டியூன்' ஆகிய சொற்கள் வந்தன. ஐந்துமே ஜூன் 6 ஆம் திகதி நடைபெறவிருந்த நோர்மண்டித் தரையிறக்கத்தின் அதிஇரகசியக் குறியீட்டுப் பெயர்கள். முதலிரண்டும் அமெரிக்கப் படைகள் இறங்கவிருந்த கடற்கரைகள். ஓவர்லோர்ட் முழு நடவடிக்கையின் பெயர். மல்பெரி செயற்கைத் துறைமுகம். நெப்டியூன் கடற்படைப் பகுதி.

புதிர்களை அமைத்தவர் லெனார்ட் டோ என்ற தலைமையாசிரியர். லண்டனில் இருந்த அவரது பாடசாலை போர் காரணமாகச் சரே பிரதேசத்துக்கு இடம்பெயர்ந்திருந்தது. பாதுகாப்புப் புலனாய்வு அதிகாரிகள் அவரை வீட்டில் சென்று துருவித்துருவி விசாரித்தார்கள். யூட்டா அமெரிக்காவின் ஒரு மாநிலம். ஒமாஹா ஓர் அமெரிக்கப் பழங்குடியினரின் பெயர். மல்பெரி ஒரு மரம். நெப்டியூன் கடல் தேவன். டோ கேட்டது அவற்றைத்தான். அதிகாரிகள் கேட்டது மற்றப் பொருளை. இறுதியில் அவரை விட்டுவிட்டார்கள். நாற்பது வருடங்களுக்குப் பின்னர் 1984 ஆம் ஆண்டில் அவரது பழைய மாணவர் ஒருவர் முன்வந்து, வெறும் கட்டங்களில் சொற்களை நிரப்பித்தரும்படி தலைமையாசிரியர் மாணவர்களிடம் கூறுவது வழக்கம் என்றும், அருகே முகாமிட்டிருந்த படைவீரர்கள் பேசிக்கொண்ட சொற்களைத் தான் அதில் எழுதியதாகவும் தெரிவித்தார். குறிப்புகளைப் பின்னர் டோ எழுதினார். விசாரணையின் பிறகு தனது கொப்பிகளைத் தலைமையாசிரியர் எரிக்கச் செய்தார் என்றும் அந்த மாணவர் கூறினார்.

டோவின் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எமது பத்திரிகையின் சிறுவர் பக்கம் நினைவுக்கு வரும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வாராவாரம் அந்தப் பக்கத்துக்குக் குறுக்கெழுத்துப் புதிர் அமைத்துத் தருவார். சதுரக்கோட்டுக் கொப்பித்தாளில் பென்சிலால் கட்டம் கீறி, பேனையால் எண்களை இட்டு, பஸ் ஏறி வந்து கையில் தந்துவிட்டுப் போவார். பிள்ளைகளுக்கானது என்றாலும் ஒவ்வொரு புதிரிலும் இரட்டைப் பொருள் குறிப்பு ஒன்றாவது இருக்கும். நன்னூலைப் பிள்ளைகள் படிக்கப்போவதில்லை, கட்டத்துக்குள்ளாவது கொஞ்சம் போகட்டும் என்பார்.

2000 ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆனையிறவுப் படைமுகாம் வீழ்ந்தது. மே மாதத்தில் அவசரகாலச் சட்டவிதிகளின் கீழ் தணிக்கை கடுமையாக்கப்பட்டது. எழுதியதை அனுப்பி, கோடு விழுந்து திரும்பி வருவதைப் பிரசுரிக்கும் காலம். அந்த நாட்களில் ஒரு வாரம் மாஸ்டர் தந்த புதிரில் இப்படி ஒரு குறிப்பு இருந்தது: 'மரமாய் நின்றால் பூக்கும், மிருகமாய் நின்றால் பாயும்.' மூன்று எழுத்து. விடை வேங்கை.

அதை எவரும் தணிக்கை செய்யவில்லை. எவரும் பார்க்கவுமில்லை. பார்த்தது நான். பாயும் புலியைச் சிறுவர் பக்கத்தில் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று யாராவது வாசித்துவிட்டால் என்ன செய்வது என்ற எண்ணம் எனக்கு வந்தது. ஒரு சொல்லை மட்டும் எடுத்தால் குறுக்கே போகும் சொற்களும் கெட்டுவிடும் என்பதால் முழுப் புதிரையும் எடுத்துவிட்டு, பழைய புதிரொன்றைப் போட்டேன்.

அடுத்த வாரம் மாஸ்டர் வந்தார். கதிரையில் இருக்கவில்லை. "தம்பி, நான் மரத்தைத்தானே கேட்டனான்?" என்றார்.

"மிருகத்தையும் கேட்டிருக்கிறீங்கள், மாஸ்டர்" என்றேன்.

"அதுவும் காட்டில இருக்கிற மிருகந்தானே" என்று சொல்லிவிட்டு, அந்த வாரத்துப் புதிரை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அவர் சொன்னதில் பிழை இல்லை. மஞ்சட் பூக்கள் நிறைந்த வேங்கை மரத்தைப் புலியென்று மயங்கி யானை சீறுவதைச் சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். இரண்டாயிரம் வருடங்களாக அந்தச் சொல்லில் மரமும் விலங்கும் சண்டையின்றி ஒன்றாக இருந்துவந்தன. அந்த மே மாதத்தில் நான் அந்த யானையாக நின்றேன். டோவைச் சந்தேகித்தவர்களுக்காவது ஐந்து சொற்கள் கையில் இருந்தன. எனக்கு ஒன்றே போதுமானதாக இருந்தது. அவர்கள் விசாரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். நான் விசாரிக்கவும் இல்லை.

மாஸ்டர் அதற்குப் பின்னரும் புதிர்களைத் தந்துகொண்டிருந்தார். ஆனால், அவற்றில் இரட்டைப் பொருள் குறிப்பு ஒன்றுகூட இருக்கவில்லை. இந்தியாவின் தலைநகரம், ஒற்றுமைக்குப் பெயர்போன பறவை, உணவுக்குச் சுவை தருவது என்ற விதமாக இருந்தன. பிள்ளைகள் வழமைபோல விடைகளை அனுப்பினார்கள். எவரும் எதையும் கேட்கவில்லை. மாற்றத்தைக் கண்டவர்கள் அவரும் நானும் மாத்திரமே. அதைப் பற்றி நாம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அவர் இப்போது இல்லை.

இந்த விளையாட்டின் கடைசிப் பெரும் கலைஞராக நான் கருதுபவரைப் பற்றிக் கூறி முடிக்கிறேன். கார்டியன் பத்திரிகையில் 1958 ஆம் ஆண்டு தொடங்கி அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் புதிர்களை அமைத்தவர் அங்கிலிக்கன் மதகுருவான ஜோன் கிரஹாம். அவரது புனைபெயர் 'அரக்கேரியா'. அதுவும் ஒரு மரத்தின் பெயர்தான். குரங்கும் ஏறத் திகைக்கும் மரம் என்ற பொருளில் ஆங்கிலத்தில் அதைக் குரங்குப் புதிர் மரம் என்று அழைப்பார்கள். விசாரணையாளர்களின் பெயர்களுக்குப் பதிலாக அவர் மரத்தின் பெயரை எடுத்துக்கொண்டார். சிமெனிஸின் விதிகளை அவர் சில இடங்களில் தளர்த்தினார். ஆனால், தனது குறிப்புகளுக்குப் பின்னால் ஒரு நண்பர் இருக்கிறார் என்ற உணர்வை வாசகர்களுக்குத் தந்தார்.

2013 ஜனவரியில் வெளியான அவரது புதிர் ஒன்றின் மேலே ஒரு சிறு அறிவித்தல் இருந்தது. அமைப்பாளருக்கு ஏற்பட்டிருப்பது என்ன, எங்கே, அதற்கு என்ன பராமரிப்பு வழங்கப்படுகிறது என்பவற்றைச் சொற்களால் கூறாமல் கட்டங்களின் எண்களால் அது கூறியது. அந்த எண்களுக்குரிய கட்டங்களை நிரப்பிய வாசகர்கள் புற்றுநோய், உணவுக்குழாய், வலிதணிப்புப் பராமரிப்பு என்ற விடைகளைக் கண்டார்கள். தான் இறந்துகொண்டிருப்பதை அவர் தனது வாசகர்களுக்கு அறிவித்த விதம் அது. வெறும் கட்டங்களைப் பார்த்தவர்களுக்கு எதுவும் தெரிந்திருக்காது. பொறுமையாக நிரப்பியவர்களுக்கு மட்டுமே செய்தி. அந்த வருடம் நவம்பரில் 92 வயதில் அவர் காலமானார்.

அந்தச் செய்தியை அப்படிச் சொல்வதற்கு அவருக்கு வாசகர்கள் மீது எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்கவேண்டும்! இரண்டு பொருள்படப் பேசுவதற்கு மிகவும் தேவையானது அந்த நம்பிக்கையே என்பதை நான் தாமதமாகவே விளங்கிக்கொண்டேன். கேட்பவர் நல்ல பொருளையும் தேடுவார் என்று தெரிந்தால்தான் சொல்பவர் விளையாடுவார். அந்த நம்பிக்கை இல்லாத இடத்தில் மனிதர்கள் இந்தியாவின் தலைநகரத்தைத்தான் கேட்பார்கள்.

மாஸ்டரின் அந்தக் கொப்பித்தாள் என்னிடம் இருக்கிறது. பிரசுரமாகாத புதிர் என்பதால் அன்று மேசை இலாச்சிக்குள் போட்டது, இரண்டு வீடு மாறியும் தொலையாமல் இருக்கிறது. பென்சில் கோடுகள் மங்கிவிட்டன. குறிப்புகளை மட்டும் இன்னும் வாசிக்கலாம். எட்டாவது குறிப்பை இங்கே முழுமையாகத் தந்துவிட்டேன். கால் நூற்றாண்டு பிந்தியாவது அது பிரசுரமாகட்டும்.